விளக்கு அணையாமல் வந்த ஸ்விட்ச்

இதை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கியே எனக்குச் சில வருஷங்கள் ஓடிவிட்டன. பேனாவை எடுத்து உட்காருவேன். பிள்ளையார் சுழி போடுவேன். உடனே குக்கர் விசில் அடிக்கும், எழுந்து போய்விடுவேன். விசில் அடிக்காத நாட்களில் நானே போய்க் குக்கரை அடுப்பில் ஏற்றியதும் உண்டு. வெட்கம்தான் காரணம். ஊர் கூடி நின்ற ஒரு கடைத் திறப்பு விழாவைக் குட்டிச்சுவராக்கியது நான்தான் என்று எந்தப் பொம்பளை தானாக எழுதிக் கொடுப்பாள்? ஆனால் போன வெள்ளிக்கிழமை கோமதி அம்மன் சந்நிதியில் நின்றபோது, எழுதிவிடு என்று மனசுக்குள் ஒரு சொல் விழுந்தது. (அம்மன்தான் சொன்னாள் என்று சூடம் அடித்துச் சொல்லமாட்டேன். அதே நேரம் பக்கத்தில் நின்ற என் மகளும் "எழுதித் தொலையேம்மா" என்றாள்.)

என் பெயரும் கோமதிதான். சங்கரன்கோவிலில் எந்தத் தெருவில் நின்று "கோமதி" என்று கூப்பிட்டாலும் நாலு கதவு திறக்கும். அதில் ஒன்று எங்கள் கதவு. படிப்பு பத்தாம் வகுப்பு. கணக்கில் நான் தேறியது இன்றைக்கும் எங்கள் வாத்தியாருக்கு ஆச்சரியம், எனக்கு அம்மன் கிருபை. என் வீட்டுக்காரர் மாரியப்பன் கேபிள் டி.வி. லைன் இழுத்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் மாடியிலிருந்து இறங்கும்போது முழங்கால் பிசகிவிட்டது. இனி ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஏணி நான் ஏறுதேன், நீங்க கீழ நின்னு பிடிச்சுக்கிடுங்க" என்றேன்.

அன்றிலிருந்து மேலே நான், கீழே அவர். "எல்லா வீட்டுலயும் இதான் நடக்கு. எங்க வீட்டுல வெளிய தெரியுது, அம்புட்டுதான்" என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

கேபிளிலிருந்து கேமராவுக்கும், கேமராவிலிருந்து இன்டர்நெட்டுக்கும் எங்கள் பிழைப்பு நகர்ந்தது. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். ஒரு நெட்வொர்க் வயருக்குள் எட்டு நிறக் கம்பிகள் இருக்கும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று வரிசை தப்பாமல் கோர்க்க வேண்டும். அதை நான் அம்மன் போற்றி மெட்டில் மனப்பாடம் செய்தேன். இப்போதும் வாய் முணுமுணுக்காமல் என் கை வயரைக் கோர்க்காது. பார்க்கிறவர்கள் நான் மந்திரம் சொல்லி வேலை செய்கிறேன் என்று நினைப்பார்கள். நானும் திருத்துவதில்லை.

எங்களுக்கு எப்போதும் வேலை கொடுப்பவர் ஆறுமுகம் அண்ணாச்சி. ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி பேச்சியம்மாளை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். ரத்த சொந்தம் இல்லை, ஆனால் என் மகள் காதுகுத்துக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போனவர். பழைய கடை இடம் போதாமல், அதே தெருவில் நாலு கட்டடம் தள்ளி மூன்று மாடியில் புதுக்கடை கட்டினார்கள். மாடிக்கு மாடி பில் போடும் கவுன்டர், கேமரா, ஒலிபெருக்கி என்று எல்லாம் நெட்வொர்க்கில் ஓட வேண்டும்.

அண்ணாச்சியின் தம்பி செல்வம், "இது பெரிய வேல அண்ணே. திருநெல்வேலியில கம்பெனி இருக்கு, அவங்க வந்து பண்ணட்டும். மாரியப்பன் பொண்டாட்டி, வீட்டுக் கேமரா மாட்டுத ஆளு" என்று சொல்லியிருக்கிறார்.

மதினி விடவில்லை. "ஏன், அவ மாட்டுன கேமரா ஒன்னையப் பிடிச்சுக் குடுக்கலையா, மத்தியானம் கல்லாவுல ஒக்காந்து தூங்குனத? அவதான் செய்வா."

அந்த வார்த்தையோடு வேலை எனக்கு வந்தது. வேலையோடு மதினியின் வேண்டுதல் ஒன்றும் வந்தது. புதுக்கடையில் போடும் முதல் பில் கோமதி அம்மனுக்குச் சாத்தும் பட்டுச் சேலைக்குத்தான் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை திறப்பு. பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கும் முன்னால் அந்தப் பில் மிஷினிலிருந்து வர வேண்டும். அதுவரை மதினி பச்சைத் தண்ணீர் பல்லில் படாத விரதம்.

"ஒன்ன நம்பித்தான் கோமதி நேந்துக்கிட்டேன்" என்றார்.

"நீங்க அம்பாள நம்பி நேந்தா, அவ என்ன நம்பி விட்டுட்டாளா மதினி?" என்று கேட்டுச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.)

இப்போது அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நெட்வொர்க் ஸ்விட்ச் என்பது சுவரில் விளக்குப் போடும் ஸ்விட்ச் அல்ல. முகம் நிறைய ஓட்டை உள்ள தட்டையான இரும்புப் பெட்டி. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு வயர் செருகலாம். யார் யாரோடு பேச வேண்டுமோ அவர்களை அது சேர்த்துவைக்கும். தரகர் மாதிரி என்று வையுங்கள். புதுக்கடைக்கு ஒரு தரகர் போதாது, மூன்று வேண்டியிருந்தது. மூன்று பேரும் தனித்தனியாக இருந்தால் மூன்று பேருக்கும் தனித்தனியாக வேலை சொல்லிக் கொடுக்க வேண்டும். அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பின்பக்கம் கனத்த கேபிளால் ஒன்றோடொன்று கோர்த்துவிடுவார்கள். ஸ்டாக் என்று பெயர். அப்புறம் மூன்றும் ஒரே பெட்டி மாதிரி நடக்கும். அதில் ஒன்று தலைவர். தலைவருக்குச் சொன்னால் போதும், மற்றது இரண்டும் அப்படியே கேட்கும்.

தலைவர் யார் என்பதற்கு ஒரு எண் கொடுக்கலாம். ஒன்றிலிருந்து பதினைந்து வரை. எண் பெரிதாக இருப்பவரே தலைவர். மூன்றில் மேலே இருந்ததற்கு நான் ஒன்பது கொடுத்தேன். பதினைந்தே கொடுத்திருக்கலாம். நவக்கிரகமும் துணை நிற்கட்டும் என்று ஒன்பது.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் மூன்றையும் அடுக்கி, பில் கவுன்டருக்குத் தனி வழி, கேமராவுக்குத் தனி வழி, ஒலிபெருக்கிக்குத் தனி வழி என்று பிரித்துக் கொடுத்தேன். நான் சொன்னதெல்லாம் அதில் பதிந்ததும், அதை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தேன். எல்லாம் அம்சமாக ஓடியது. அது எனக்குப் போதவில்லை. அண்ணாச்சி திறப்பு விழாவுக்கு மேளக்காரரை ஏற்பாடு செய்யக் கிளம்பியபோது நான் வாயைத் திறந்தேன்.

"மேளம் எதுக்கு அண்ணாச்சி? வாசல்ல மட்டுந்தான் கேக்கும். நான் கம்ப்யூட்டர்ல நாதஸ்வரம் போடுதேன். மூணு மாடியிலயும் ஒரே நேரத்துல கேக்கும்."

அண்ணாச்சி அசந்துபோனார். மேளக்காரர் வேண்டாம் என்று முடிவானது. இதெல்லாம் நான் விலைகொடுத்து வாங்கிய வினை.

திறப்புக்கு முந்தின நாள் மதினி பழைய கடையில் நின்றுகொண்டு, மூலையில் இருந்த பழைய ஸ்விட்சைப் பார்த்து, "கோமதி, இது வந்த பெறகுதான் நமக்கு யாவாரம் பெருகுச்சு. ராசியான பெட்டி. இத இங்கன விட்டுட்டுப் போவ மனசு வரமாட்டேங்கு. புதுக்கடையில கூடச் சேர்க்க முடியுமா?" என்று கேட்டார்.

அதுவும் அதே கம்பெனிப் பெட்டி. அடுக்கில் சேரும். "சேத்துரலாம் மதினி" என்றேன்.

"வெளக்கு அணையாமக் கொண்டுபோணுமே. பால் காய்ச்சப் போகையில குத்துவெளக்க எரிய எரியத்தானே கொண்டுபோவோம்? இதுல பச்ச வெளக்கு மினுங்குதுல்லா, அது அணைஞ்சா மனசு கஷ்டப்படும்."

நான் பார்த்த வீடியோவில் ஒரு ஐயா விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தார்: அடுக்கில் புதிதாகச் சேர்க்கும் பெட்டியைக் கரண்டை அணைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் வீட்டில் யாரும் குத்துவிளக்கு கொண்டுபோயிருக்க மாட்டார்கள் என்று அந்த நேரம் தோன்றியது.

"அதுக்கென்ன மதினி. யு.பி.எஸ். பேட்டரியில மாட்டிக் கொண்டுவந்துருவோம். ஒரு பொட்டு வெளக்குகூட அணையாது!"

என் வீட்டுக்காரர் மட்டும் என் காதுக்குள், "ஏட்டி, அந்த யு.பி.எஸ். என்ன கனம் கனக்கும் தெரியுமா? யாரு தூக்க?" என்று கேட்டார். அவரை ஏற இறங்கப் பார்த்தேன். அவருக்கே புரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் மதினி, கையில் எரியும் குத்துவிளக்கு. பின்னால் அண்ணாச்சி, பட்டு வேட்டி, தோளில் மாலை, தலைக்குமேல் பச்சை விளக்கு மினுங்கும் பழைய ஸ்விட்ச். அதன் நெற்றியில் சந்தனம் குங்குமம், கழுத்தில் (கழுத்து என்று நாங்கள் வைத்துக்கொண்ட இடத்தில்) மல்லிகைச் சரம். அவருக்குப் பின்னால் யு.பி.எஸ்.ஸை இடுப்பில் அணைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர். இரண்டு பெட்டிக்கும் நடுவில் இருந்த வயர் ஒரு முழம்தான் இருக்கும். அண்ணாச்சி வேகமாக நடந்தால் இவர் ஓட வேண்டும். இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றால் அண்ணாச்சி பின்பக்கமாக இழுபட வேண்டும்.

"மெதுவா அண்ணாச்சி, பிடுங்கிரும்!"

"நீரு எட்டி வையும் வே! நல்ல நேரம் போவுது!"

பூ மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். ஒரு பெரியம்மா எந்தச் சாமி என்று கேட்காமலேயே ஸ்விட்சைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். விளக்கு அணையவில்லை. அந்தப் பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

புதுக்கடையில் நாதஸ்வரம் மூன்று மாடியிலும் முழங்கிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள், வியாபாரிகள், தீபாவளிக்கு இப்போதே எடுத்துவிடலாம் என்று வந்த பெண்கள் என்று கடை நிறைந்திருந்தது. அண்ணாச்சி பழைய ஸ்விட்சைக் கொண்டுவந்து புதுசு மூன்றுக்கும் மேலே வைத்தார். மதினி ஆரத்தி காட்டினார். நான் "தாயே" என்று கண்ணை மூடிக்கொண்டு, எரிந்துகொண்டிருந்த பெட்டியை அடுக்கோடு கேபிளால் கோர்த்தேன்.

நாலு பெட்டியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நம்மில் யார் தலைவர் என்று கேட்டுக்கொண்டன. புதுசு தன் ஒன்பதைக் காட்டியது. பழசு தன் எண்ணைக் காட்டியது. பதினைந்து.

அந்தப் பதினைந்தும் நான் கொடுத்ததுதான். தொழில் புதிதில், எண் கூடினால் வேகம் கூடும் என்று நினைத்து, இருப்பதிலேயே பெரிய எண்ணைப் பழசுக்குக் கொடுத்துவைத்திருந்தேன். கொடுத்ததை மறந்தும் போனேன். அது மறக்கவில்லை.

புதுசு மூன்றும் படக்கென்று விளக்கை அணைத்தன. புதுத் தலைவர் வந்துவிட்டால் அப்படித்தான், அணைந்து எழுந்து அவர் சொல்படி நடக்கத் தொடங்கும். அந்த நொடியில், மூன்று மாடியிலும் ஒரே நேரத்தில், நாதஸ்வரம் நின்றது.

பாட்டு முடிந்து நிற்பது ஒரு விதம். இது மூச்சை இழுத்த இடத்தில் கழுத்தைப் பிடித்தது மாதிரி. கடை முழுக்கச் சத்தமே இல்லை. மேல் மாடியில் ஒரு குழந்தை விக்குவது கீழே கேட்டது.

"யாருல மேளத்த நிறுத்துனது?" என்று செல்வம் படியில் நின்று கத்தினார்.

கொஞ்ச நேரத்தில் நாலு பெட்டியிலும் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தன. "வந்துட்டு, வந்துட்டு!" என்று கத்தினேன். ஒன்றும் வரவில்லை. பழசு இருந்த கடையில் ஒரே ஒரு கவுன்டர்தான். எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான். பில்லுக்குத் தனி வழி, பாட்டுக்குத் தனி வழி என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தனக்குத் தெரிந்ததை மற்ற மூன்றுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டது. அவையும் நான் சொன்னதையெல்லாம் மறந்து, புதுத் தலைவருக்குத் தலையாட்டிக்கொண்டு பச்சையாகச் சிரித்தன. எந்தக் கவுன்டராலும் கணக்குக் கம்ப்யூட்டரோடு பேச முடியவில்லை. எந்த மிஷினிலும் பில் வரவில்லை.

செல்வம் அறைவாசலில் வந்து நின்றார். "திருநெல்வேலி கம்பெனி வேண்டாம்னியளே மதினி. இப்பம் என்ன செய்யப்போறிய?"

மதினி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நம்பிக்கையாகப் பார்த்தார்.

"அந்தப் பழசப் பிடுங்கி எறி" என்றார் செல்வம்.

"அணைச்சிராதட்டி" என்றார் மதினி மெல்ல.

பழசின் கரண்டைத் தொடாமல், அடுக்கோடு கோர்த்த கேபிளை மட்டும் கழற்றினேன். அது தனியாக எரிந்தது. ஆனால் மற்ற மூன்றும் அது சொல்லிக்கொடுத்த பாடத்தை விடவில்லை. இனி பென்டிரைவில் இருக்கும் நகலைப் போட்டால்தான் உண்டு. கைப்பையைத் துழாவினேன். இல்லை. காலையில் அம்மன் படத்தின் பாதத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுத்துவரலாம் என்று பூஜை அறையில் வைத்திருந்தேன். வைத்தேன். கும்பிட்டேன். எடுக்கவில்லை.

"என்னங்க..." என்றேன்.

யு.பி.எஸ்.ஸை இறக்கிவைத்து இடுப்பை நிமிர்த்திக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "எங்க வச்ச, அத மட்டும் சொல்லு" என்று வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் திரும்பி வந்தபோது பென்டிரைவோடு அம்மன் படத்துப் பூவும், ஒரு எலுமிச்சம்பழமும் சேர்ந்து வந்தன. எதை எடுப்பது என்று தெரியாமல் பாதத்தில் இருந்த எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கையிலும் முகத்திலும் குங்குமம். பென்டிரைவை லேப்டாப்பில் செருகினேன். ஏற்கவில்லை. கழற்றி வாய்ப்பக்கம் பார்த்தால், உள்ளே நிறையக் குங்குமம். ஊசி முனையில் பஞ்சைச் சுற்றி நான் குங்குமத்தை நோண்டி எடுக்க எடுக்க, கடிகாரம் பத்தரையைத் தாண்டியது.

ராகுகாலம் பிறந்துவிட்டது.

எனக்கு அழுகை முட்டியது. "மதினி, ஒங்க வேண்டுதலக் கெடுத்துட்டேன். கையால பில் எழுதிருங்க. நீங்க ஒரு வாய் தண்ணியாவது குடிங்க" என்றேன்.

மதினி அந்தச் சின்ன அறைக்குள் என் பக்கத்தில் தரையில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்துவிட்டார். "ராகுகாலத்துல எவ பில் போடுவா? பன்னெண்டு மணி வரைக்கும் ஒனக்கு நேரம் இருக்கு. பதறாமப் பாரு. நான் டார்ச்சு பிடிக்கேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். ஒருவராவது "பில் போடுங்க" என்று சண்டை போடுகிறார்களா என்றால், இல்லை. சேலையும் வேட்டியுமாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாப் பெண்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ராகுகாலத்தில் புதுக்கடையில் பணம் கொடுக்க அவர்களுக்கும் மனசில்லை. காப்பி போய்க்கொண்டிருந்தது. ஒரு அக்கா, "நெறுத்தி நெதானமாத்தான் செய்யுதாவ. நல்ல பக்தியுள்ள கடை" என்று பாராட்டியதும் என் காதில் விழுந்தது. ஊரே பயப்படும் ராகு பகவான் அன்றைக்கு என் பக்கம் நின்றார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் ராகுகாலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போடுகிறேன். மற்றவர்கள் தோஷம் நீங்கப் போடுகிறார்கள். நான் நன்றிக்குப் போடுகிறேன்.

பென்டிரைவ் ஒருவழியாகக் கண் திறந்தது. நகலை ஏற்றினேன். இந்தத் தடவை புதுசில் மேலே உள்ளதற்குப் பதினைந்து கொடுத்தேன். பழசுக்கு ஒன்று.

"அவரு அங்கனயே எரியட்டும் மதினி. பெரியவரு. ஆனா பொறுப்பு வேண்டாம்" என்றேன்.

"மரியாத மட்டும் போதும். சரிதான்" என்றார் மதினி. குரல் கம்மியிருந்தது. உதடு காய்ந்திருந்தது. ஆனாலும் டார்ச் வெளிச்சம் என் விரலை விட்டு விலகவில்லை.

பன்னிரண்டு அடித்தது. மதினி எழுந்து அம்மன் சேலை வைத்த தாம்பாளத்தை எடுக்கப் போனார். அண்ணாச்சி கைகழுவப் போனார். நான் முதல் கவுன்டரில் உட்கார்ந்தேன். எல்லாம் சரியாகிவிட்டதா? மதினி தாம்பாளத்தோடு வந்து நிற்கும்போது மறுபடி மிஷின் ஊமையாக இருந்தால்?

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். வண்டியில் வெயிலில் அலைந்து, சட்டை உடம்போடு ஒட்டிப்போய், தலையிலிருந்து வேர்வை சொட்டியது. அதைப் பார்த்து இரக்கப்பட்டு விற்பனைப் பெண் ஒருத்தி, அலமாரியிலிருந்து ஒரு துண்டை உருவிக் கொடுத்திருந்தாள். பச்சைக் கரை போட்ட ஈரிழைத் துண்டு. விலைச்சீட்டோடு அது அவர் தோளில் கிடந்தது.

என் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கடையில் மிஷின் மாட்டினாலும் பக்கத்தில் கிடக்கும் ஏதாவது ஒரு சாமானை வைத்துச் சோதித்துப் பார்ப்பேன். பெயர் கேட்டால் 'மாரியப்பன்' என்று அடிப்பேன். கடை திறக்காத நாளில் அதில் தப்பில்லை, பிறகு அழித்துவிடலாம். அன்றைக்குக் கடை திறந்திருந்தது. என் கைக்கு அது தெரியவில்லை. அவர் தோளில் தொங்கிய விலைச்சீட்டைப் பிடித்து இழுத்து மிஷினில் காட்டியது. 'மாரியப்பன்' என்று அடித்தது. பட்டனை அழுத்தியது.

காலையிலிருந்து வாய் திறக்காத மிஷின் கிர்ர்ர் என்றது. பில் வெளியே வந்தது. அதே நேரம் அந்த விற்பனைப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிவிட, நாதஸ்வரம் மூன்று மாடியிலும் பிளிறியது. உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். யாரோ குலவை போட்டார்கள். தாம்பாளத்தோடு வந்த மதினி கண் கலங்கி, அந்தப் பில்லைக் கிழித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றிய பிறகு படித்தார்.

பில் எண் ஒன்று. மாரியப்பன். துண்டு, ஒன்று.

நான் கும்பிட்ட சாமி எல்லாம் கண்முன் வந்துபோயின. ஒரு வேண்டுதலை ராகுகாலத்தில் இழுத்தடித்து, கடைசியில் அதை என் புருஷன் தோளில் போட்டுவிட்டேன்.

"கேன்சல் பண்ணு, கேன்சல் பண்ணு!" என்றார் செல்வம்.

"பண்ணுனா ஒண்ணாம் நம்பர்ல கேன்சல்னு விழும்" என்றேன்.

"மொத பில்லயே கேன்சலா? வெளங்குமா கட?" என்று அண்ணாச்சி தலையில் கைவைத்தார்.

எல்லோரும் மதினியைப் பார்த்தார்கள். அவர் பில்லைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். துண்டுக்குள் இருந்த ஆளைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் திருடன் மாதிரி துண்டை மெல்லத் தோளிலிருந்து எடுத்து மடிக்க ஆரம்பித்திருந்தார்.

"மடிக்காதிய. போட்டுக்கிடுங்க" என்றார் மதினி. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "காலையிலேருந்து வலிக்குத காலோட பெட்டியத் தூக்கி, வண்டிய ஓட்டி, வேர்வ வடிய நிக்காரு. நம்ம ஒருத்தராவது ஒக்காருங்கன்னு சொன்னமா? தாயி பாத்திருக்கா. 'எனக்குச் சேல பொறவு தாங்க, மொதல்ல அந்த மனுசனுக்குத் தொடைக்கத் துண்டு குடுங்க'ன்னுட்டா. அவ சொன்ன பெறகு நாம யாரு கேன்சல் பண்ண?"

செல்வம்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவரால் ஒரு நல்ல நிமிஷத்தை நல்லபடியாக விட முடியாது.

"அப்பம் இது சும்மாவா மதினி?" என்றார்.

"மொத யாவாரம் வே! சும்மா தருவாங்களா!" என்று அண்ணாச்சி பாய்ந்தார். கடையே சிரித்தது. நான் கைப்பையிலிருந்து கொடுத்தேன். இரண்டாவது பில் அம்மன் சேலைக்கு வந்தது. மதினி அதைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, ஒரு செம்பு மோரை நின்றபடியே குடித்து முடித்தார். அந்த மோர் என் தொண்டையில் இறங்கியது மாதிரி இருந்தது.

அந்த வருஷம் தீபாவளிக்குக் கடையில் நிற்க இடமில்லை. அடுத்த ஆவணியில் கடை திறந்த நாள் வந்தபோது மதினி கூப்பிட்டு விட்டார். போனால், முதல் பில் என் வீட்டுக்காரருக்கு ஒரு துண்டு, இரண்டாவது அம்மனுக்குச் சேலை. "வந்த வழிய மாத்தக் கூடாது" என்றார். இன்றுவரை அப்படித்தான். எங்கள் வீட்டுக் கொடியில் வருஷத்துக்கு ஒன்றாக எல்லாம் பச்சைக் கரைத் துண்டு. இவர் குளித்துவிட்டு அதைப் போர்த்திக்கொண்டு வந்து, "அம்பாளே வரிசையில எனக்குப் பின்னாலதான்" என்று ஆரம்பித்தால் நான் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லி அதட்டுவேன். வீட்டில் முதல் தோசை யாருக்கு என்ற சண்டை வந்தால் என் மகள், "ஒண்ணாம் நம்பர் பில் அப்பாவுக்கு" என்று தட்டில் போட்டுவிடுவாள். அதற்கு மேல் யாரும் வழக்குப் பேச முடியாது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள், கையைக் கூப்பிக் கேட்கிறேன். ஏனென்றால் ஊருக்குள் இது வேறு வேறாக நடமாடுகிறது. வாசுதேவநல்லூரில் கதை போய்ச் சேர்ந்தபோது பழைய ஸ்விட்ச் வெடித்திருந்தது. திருவேங்கடம் பஸ்ஸில் ஒருத்தி, அம்மனே கவுன்டரில் உட்கார்ந்து பில் அடித்தாள் என்று என்னிடமே சொன்னாள். அடித்தது நான். அம்மன் செய்தது அதற்குப் பிறகு, மதினியின் வாயால். அதுவே பெரிது, அதற்கு மேல் எதுவும் சேர்க்க வேண்டாம். என் வீட்டுக்காரர் சொல்வதையும் நம்ப வேண்டாம். போன மாதம் தென்காசிச் சொந்தக்காரர்களிடம் அதைப் பட்டு அங்கவஸ்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

துண்டுதான். ஈரிழை. பச்சைக் கரை. அந்த முதல் துண்டில், அன்றைக்கு அவர் முகம் துடைத்த குங்குமக் கறை இன்னும் போகவில்லை.